பாதி வெட்டிய தலை

வாய் பேசாத சலூன்காரரை யாராவது பார்த்திருக்கிறீர்களா? எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். ஊர் வம்பெல்லாம் வந்து கொட்டுகிற நாற்காலியை வைத்துக்கொண்டு, "ம்", "சரி", "குனிங்க" என்ற மூன்றே சொல்லில் இருபத்தெட்டு வருடத்தை ஓட்டிவிட்டார் மனுஷன். சர்ச்சிலும் இதே கதைதான். சத்தமாக ஜெபிக்கச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு பேருக்கும் சேர்த்து மனைவியே ஜெபித்துவிடுவாள்.

அப்பேர்ப்பட்டவர் வெளிநாட்டு மிஷன் பயணத்துக்குப் பேர் கொடுத்தபோது சபையே வாயைப் பிளந்தது. பதினொரு பேர், ஒன்பது நாள். கண்காணாத ஊருக்குப் போனாலாவது தன் வாய் திறக்காதா என்று அவருக்கு ஒரு நப்பாசை. அதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

போய்விட்டு வந்து இரண்டு வாரமாகிறது. ஆள் வந்துவிட்டார், மனசு வந்து சேரவில்லை. மதிய நேரத்தில் நாற்காலியில் ஆள் சொக்கி விழும்போது இவரும் கத்தரியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுகிறார். எதிரே கண்ணாடியில் கடை கரைந்து போய் அந்த மலையூர் வந்துவிடும். திறந்த ஜன்னல் வழியாக மேகம் வீட்டுக்குள் வந்து, கட்டிலைச் சுற்றிவிட்டு, கேட்பாரில்லாமல் வெளியே போகும். கட்டிலில் அந்தப் பெரியவர்.

அந்தக் காலத்தில் லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து ஒரு கை, ஒரு கால் விழுந்துவிட்டது. மகள்தான் பார்த்துக்கொள்கிறாள். சோறு ஊட்டலாம், உடம்பு துடைக்கலாம்; தலையை மட்டும் தொடக் கூடாது. பெண்டாட்டி இருந்தவரை அவள்தான் முடி வெட்டிவிடுவாளாம். அவள் போய் மூன்று வருடம். முடி தோளில் புரண்டுகொண்டிருந்தது.

வீடு வீடாகப் போய் ஜெபிக்கிற நாள் அது. குழுத் தலைவர் இவரை முன்னால் தள்ளிவிட்டார். "இன்னிக்கு நீங்க ஜெபிங்க பிரதர்!"

இவர் பெரியவர் தலையில் கை வைத்தார். கண்ணை மூடினார். வார்த்தை வந்தால்தானே! ஆனால் கை சும்மா இருக்குமா? தனக்குத் தெரிந்ததைச் செய்தது. தலையை மெல்ல இடப்பக்கம் சாய்த்து, கட்டை விரலால் வலது காதை மடக்கிப் பிடித்தது. கண்ணைத் திறந்து பார்த்தால், பெரியவர் பாதி வாயால் சிரிக்கிறார். ஏதோ சொன்னார். உடன் வந்திருந்த, தமிழ் தெரிந்த உள்ளூர் டீச்சர்தான் மொழிபெயர்ப்பவர். "வெட்டத்தான் வந்தீங்கன்னா வெட்டிட்டே போங்கன்னு சொல்றார்" என்றார்.

சீப்பும் கத்தரியும் இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகாதவர் இவர். பையிலிருந்து எடுத்தார். வலப்பக்கம் ஆரம்பித்தார். நரைமுடி மேகத்துக்குள் விழுந்தது போலிருந்தது. தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே மறந்துபோயிற்று. அப்படியொரு நிம்மதியை அவர் வாழ்க்கையிலேயே கண்டதில்லை.

வலப்பக்கம் முடிந்தது. வேன் ஹாரன் அலறியது. "இன்னும் மூணு வீடு பாக்கி பிரதர், கிளம்புங்க கிளம்புங்க!"

"நாளைக்கு வந்து முடிச்சுடறேன்னு சொல்லுங்க டீச்சர்" என்றார் இவர். டீச்சரும் சொன்னார். மறுநாள் விடியும் முன்பே வேறு ஊருக்குப் புறப்பாடு என்பது அட்டவணையில் இருந்தது. அதை இவர் படிக்கவில்லை. அங்கிருந்து நேரே விமானம்.

ஊர் திரும்பிய இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சபையில் படம் போட்டுக் காட்டினார்கள். திரையில் பெரியவர் முகம் வந்தது. வெட்டிய வலப்பக்கம் மட்டும், அழகாக. "நம்ம பிரதர் தலைல கை வெச்சு ஜெபிச்சார் பாருங்க, படுத்த படுக்கையா இருந்தவர் சிரிச்சுட்டார்!" என்றார் குழுத் தலைவர். "ஸ்தோத்திரம்!" என்று சபை முழங்கியது.

இவர் எழுந்து நின்றார். வாய் திறந்தது. "நான் ஜெபிக்கலை. முடி வெட்டினேன். அதுவும் பாதிதான். அந்தப் பக்கம் அப்படியே கிடக்கு. நாளைக்கு வரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "அதனாலென்ன பிரதர், அடுத்த வருஷம் போவோமே" என்றார் தலைவர். இவருக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அவர் நாற்காலியிலிருந்து ஒருத்தரும் பாதித் தலையோடு எழுந்து போனதில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள். "இங்க உக்காந்து மருகிட்டிருந்தா அங்க முடி கொட்டிடுமா? அந்த டீச்சருக்கு போனைப் போடுங்க மொதல்ல."

போட்டார். டீச்சர் சொன்னது இன்னும் குத்தியது. "மக கத்தரியை எடுத்தாலே மூஞ்சியைத் திருப்பிக்கறாருங்க. வரேன்னு சொன்னவர் வருவார்னு உக்காந்திருக்கார்."

மறுநாள் காலை கடையைப் பாதி மூடினார். மனைவியின் தம்பியை இழுத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தார். "ஊர்ல வேற தலையே கிடைக்கலியா மாமா? ஆசையா வளர்த்த முடி!" என்று மச்சினன் புலம்பினான். பவுடர் டப்பாவில் போனைச் சாய்த்து வைத்தார்கள். திரையில் பெரியவர், பக்கத்தில் கத்தரியோடு மகள், பின்னால் டீச்சர். பெரியவர் இவரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அன்றைக்குப் பேசினார் பாருங்கள் மனுஷன்! மச்சினன் தலையில் வெட்டிக் காட்டிக்கொண்டே, வாய் ஓயாமல். "சீப்பைப் படுக்க வைம்மா. ம், இப்ப வெட்டு. பயப்படாதே, முடிதானே, வளரும். அப்பா காதை விரலால மடக்கிக்கோ." மகளின் விரல் காதில் பட்டதும் பெரியவர் விறைத்தார். திரையைப் பார்த்தார். "நான் இங்கதான் இருக்கேங்கய்யா" என்றார் சலூன்காரர். டீச்சர் அதைச் சொன்னார். பெரியவர் மெல்லக் கண்ணை மூடிக்கொண்டார்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. பின்கழுத்தில் கொஞ்சம் கோணல்தான். இவர் அதைச் சொல்லவில்லை. கத்தரியைக் கீழே வைத்த பிறகும் மகள் அப்பா தலையிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் தோள் குலுங்கியது. பெரியவர் தன் நல்ல கையை உயர்த்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

போன் அணைந்தது. சலூன்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விசும்பினார். மச்சினன் பதறிப்போய், "என்ன மாமா, நல்லபடியாத்தானே முடிஞ்சுது?" என்றான்.

"அன்னிக்கு வாசப்படியில நின்னு என் கையையே பாத்துட்டிருந்தாடா அந்தப் பொண்ணு" என்றார். "கத்தரியை அவகிட்ட குடுக்கணும்னு எனக்குத் தோணவே இல்லை."