மறியலில் இருந்தவர் கழற்றிக் கொடுத்த டயர்

எண்பதுகளின் கடைசி வருடங்கள். இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் போராட்டம் நடந்துகொண்டிருந்த சமயம். எங்கள் வீடு கள்ளக்குறிச்சியில். எனக்கு வேலை கல்வராயன் மலையில். வெள்ளிமலையைத் தாண்டி இருந்த சில சிற்றூர்களுக்கு நான்தான் கிராம நர்ஸ். அந்த வாரம் விடுப்பில் கீழே இறங்கியவள் திரும்ப மேலே போக முடியாமல் மாட்டிக்கொண்டேன். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் ஒன்றுகூட ஓடவில்லை.

மலையில் ஒரு பெண்ணுக்கு நிறைமாதம். முதல் பிரசவம். கடைசியாக நான் பார்த்தபோதே கால் வீங்கி, ரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. முன்கூட்டியே கீழே ஆஸ்பத்திரியில் வந்து சேர்ந்துவிடச் சொல்லியிருந்தேன். பஸ் நின்றுபோனதால் அவளால் வர முடியவில்லை. அவளுடைய அண்ணன் காட்டு வழியாக நடந்தே இறங்கி வந்து, ஒரு காலையில் எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

"தலவலி தாங்கலன்னு அழுவுதும்மா. கண்ணும் மங்கலா தெரியுதாம்" என்றார்.

அடுத்து வலிப்பு வரும். வந்தால் தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். வெட்டிப் போட்ட மரங்களைத் தாண்டி ஜீப் போக முடியாது. மோட்டார் சைக்கிள் என்றால் தூக்கியாவது அந்தப் பக்கம் வைக்கலாம். நாங்கள் வருகிறோம் என்று சொன்னதும், அவர் ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் திரும்ப நடந்தார்.

என் கணவரிடம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. அதன் பின் டயர் தேய்ந்து உள்நூல் வெளியே தெரிந்தது. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அதை வைத்துக்கொண்டு மலையேற முடியாது. வண்டியை உருட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனோம். எல்லாக் கடையும் அடைப்பு. டயர் கடை பாய்க்குக் கடைக்குப் பின்னாலேயே வீடு. கூப்பிட்டதும் வந்து ஷட்டரைப் பாதி தூக்கினார்.

எங்கள் வண்டி அளவில் அவரிடம் இரண்டுதான் இருந்தன. ஒன்று, பழைய டயரில் புது ரப்பர் ஒட்டிய ரீட்ரெட். பார்க்கப் புதிதுபோல ஆழமாக வரி போட்டிருந்தது. இன்னொன்று நிஜமாகவே புதிது. என் கணவர் கை ரீட்ரெட் பக்கம்தான் போனது.

"எத்தினி பேரு போறீங்க?" என்று கேட்டார் பாய்.

"போவும்போது ரெண்டு பேரு. வரும்போது மூணு பேரு பாய். நடுவுல ஒரு நெறமாசக்காரி."

பாய் ரீட்ரெட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். "மூணு பேரு பாரமும் பின்னாடிதாங்க எறங்கும். மலையில சூடு ஜாஸ்தி ஆனா ஒட்டுன ரப்பர் பிச்சிக்கும். இத போட்டுக்கினு போங்க" என்று புது டயரை உருட்டி வந்து வாசல் சுவரில் சாய்த்தார். அங்கே பழைய டயர்கள் குவியலாகக் கிடந்தன. என் கணவர் வண்டியிலிருந்து சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். பாய் டியூப் எடுக்க உள்ளே போனார்.

அப்போதுதான் கோஷம் போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் தள்ளுவண்டியோடு ஓடிவந்தது. சாலையில் கொளுத்த அவர்களுக்குப் பழைய டயர் வேண்டும். ஆளுக்கு இரண்டாக வாரி வண்டியில் போட்டார்கள். சுவரில் சாய்த்திருந்த எங்கள் டயரும் அதோடு போனது. "அது புதுசுப்பா, அது புதுசு!" என்று இவர் கத்தியது அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. நாங்கள் பின்னால் ஓடி, நாற்சந்தியை அடைந்தபோது எல்லாவற்றையும் நெருப்பில் போட்டிருந்தார்கள். கரும்புகை கண்ணைக் கரித்தது. எங்கள் டயர் எது என்றுகூடத் தெரியவில்லை.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. நர்ஸ் உடுப்போடு நடுரோட்டில் நின்று, "ஒரு உயிர கொளுத்திட்டீங்களே!" என்று அலறிவிட்டேன். மறியலில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து வந்தார். நாற்பது வயது இருக்கும். தோளில் துண்டு.

"இன்னா ஆச்சும்மா? பதறாம சொல்லு."

அழுதுகொண்டே சொன்னேன். அவர் என் கணவரைப் பார்த்து எந்த வண்டி என்று மட்டும் கேட்டார். பிறகு மரத்தடியில் நின்ற தன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்களுக்கு முன்னால் டயர் கடைக்கு நடந்தார். அதுவும் எங்கள் வண்டியின் ரகம்தான்.

"பாய், என் பின்னாடி டயர கயட்டி இவங்களுக்கு மாட்டு."

பாய் திகைத்துப்போனார். "அப்ப உன் வண்டி?"

"நான் எங்க போவப்போறேன்? ரோட்டுலதான குந்திக்கினு இருக்கேன்."

அது வாங்கி அதிக நாள் ஆகாத டயர். பாயும் அவரும் சேர்ந்தே கழற்றி எங்கள் சக்கரத்தில் மாட்டினார்கள். மறியல்காரர்கள் வழிவிட அடையாளமாக, அவர் ஒரு வேப்பங்கொத்தை ஒடித்து ஹேண்டில்பாரில் கட்டினார். யார் மறித்தாலும் ஆஸ்பத்திரி வேலை என்று சொல்லச் சொன்னார். நான் பெயர் கேட்டேன். "அதெல்லாம் அப்பறம். மொதல்ல கெளம்பும்மா" என்று சொல்லிவிட்டு, போய்த் தன் ஆட்களோடு திரும்ப ரோட்டில் உட்கார்ந்துகொண்டார்.

கச்சிராயபாளையம் போவதற்குள் பல இடத்தில் மரம் கிடந்தது. விஷயத்தைச் சொன்னதும், மரத்தை வெட்டிப் போட்டவர்களே வண்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். மலையில் அவளைப் பார்த்தபோது முகமே உப்பி அடையாளம் தெரியவில்லை. என்னிடம் இருந்த ஊசியைப் போட்டு, இருவருக்கும் நடுவில் அவளை உட்காரவைத்தோம். அவள் நெற்றி என் கணவர் முதுகில் சாய்ந்திருந்தது. நான் பின்னாலிருந்து இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். ஒரு வளைவில் மழை அடித்துக்கொண்டு வந்த சரளைக்கல்லில் பின் சக்கரம் பள்ளத்துப் பக்கமாக இழுத்தது. என் கால் செருப்பு கீழே விழுந்து உருண்டதைப் பார்த்தேன். டயர் தரையைப் பிடித்துக்கொண்டது. இவர் வண்டியை நிறுத்தவே இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதே அவளுக்கு வலிப்பு கண்டது. டாக்டர் எவ்வளவோ போராடினார். குழந்தை உயிரோடு பிறக்கவில்லை. ஆண் குழந்தை. தாய் பிழைத்தாள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் அவளும் இருந்திருக்கமாட்டாள் என்றார் டாக்டர்.

சாலை திறந்த பிறகு பாய் கடைக்குப் போனோம். அந்த மனிதரின் வண்டி, பின் சக்கரத்துக்குப் பதில் செங்கல் அடுக்கி, சாக்கு போர்த்தி நின்றது. அன்று மாலையே மறியல் செய்தவர்களோடு அவரையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டதாம். அவர் ரிஷிவந்தியம் பக்கத்து ஆள் என்பதைத் தவிர பாய்க்கும் ஒன்றும் தெரியவில்லை. புதிய சரக்கு வந்ததும், நன்றாகப் பார்த்து ஒரு டயரை எடுத்து அந்த வண்டிக்கு மாட்டச் சொன்னோம். அவர் வந்தால் எங்களுக்குச் சொல்லியனுப்பும்படி கேட்டுக்கொண்டோம்.

அவர் ஜெயிலிலிருந்து வந்த நாளில் நான் மலையில் இருந்தேன். கடையில் பாயும் இல்லை, அவர் மச்சான் மட்டும் இருந்திருக்கிறார். புது டயரைப் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு இன்னா ஆச்சி?" என்று கேட்டாராம். மச்சானுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். "கொழந்த தவறிடுச்சாம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வண்டியைக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே போய்ப் பிறகுதான் ஏறினாராம்.

ரிஷிவந்தியம் பக்கம் ஊர் ஊராகப் போய் விசாரித்தோம். பெயர் தெரியாமல் யாரைக் கேட்பது? ஜெயிலுக்குப் போனவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். பின்னால் அந்தப் பெண்ணுக்கு ஒரு மகள் பிறந்தாள். தடுப்பூசி போட அவளைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது ஓடியாடும்போதெல்லாம் டயர் குடுத்த அந்த அண்ணன நெனச்சிக்குறேன்" என்றாள் என்னிடம். அது அவர் காதுக்குப் போய்ச் சேரவே இல்லை.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் வருடங்கள் ஆகிவிட்டன. எத்தனையோ பிரசவங்கள் பார்த்தேன், பலவும் மறந்துபோயின. தன் வண்டியை நிறுத்திவிட்டு முன்பின் தெரியாத ஒருத்திக்காக டயரைக் கழற்றிக் கொடுத்த அந்த மனிதரிடம், தாய் பிழைத்துவிட்டாள் என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாமல் போனது மட்டும் இன்றைக்கும் நெஞ்சில் கனக்கிறது.