தண்ணீரில் இருந்த துத்தநாகம்

என் மனைவிக்கு ரத்தம் எடுக்கிற வேலை. நான் அதே ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறேன். அவளிடம் குத்து வாங்கிய பிள்ளைகள் அழுதுகொண்டே என் லிஃப்டில்தான் இறங்குவார்கள். அவர்கள் அவளுக்கு வைத்த பெயர் கொசு அக்கா. அதை வீட்டில் சொன்னால் அன்றைக்குச் சாப்பாட்டை நானே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

மாதத்தின் முதல் வாரம் அரிவாள் செல் ரத்தசோகை உள்ள பிள்ளைகள் வருவார்கள். ரத்தத்தின் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து, நாளத்தில் சிக்கி, எலும்பெல்லாம் வலிக்கும். வளர்த்தியும் இருக்காது. வாயாடி என்று நாங்கள் கூப்பிடும் பெண்ணுக்கு வயது பதின்மூன்று. பார்த்தால் ஒன்பது என்பீர்கள். கணுக்காலில் புண், எட்டு மாதமாக ஆறவில்லை. ஜிங்க் எனும் துத்தநாகச் சத்துக் குறைவோ என்று டாக்டரம்மாவுக்குச் சந்தேகம். அறுபது பிள்ளைகளைச் சோதிப்பது, குறைவு தெரிந்தால் மாதாமாதம் மாத்திரை தருவது, இல்லையென்றால் திட்டத்தையே மூடிவிடுவது என்று ஏற்பாடு.

முடிவு வந்தது. ஒருவருக்கும் குறைவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க, எங்கள் மகனையும் சேர்த்துச் சோதித்த ஊழியர் வீட்டுப் பிள்ளைகளைவிட இவர்களுக்குத்தான் அதிகமாம்! வெள்ளிக்கிழமை அறிக்கையை அனுப்பிவிடலாம் என்றார் டாக்டரம்மா. எல்லோரும் தலையாட்டினார்கள், என் மனைவியைத் தவிர.

"நம்ம வீட்டுத் தடியனைவிட வாயாடிக்கு ஜிங்க் அதிகமாங்க. நம்புற மாதிரியா இருக்கு?"

"மெஷின் சொல்லுதேம்மா."

"உள்ள என்ன போகுதோ அதைத்தானே மெஷின் சொல்லும்" என்றவள், சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினாள்.

ஊழியர் பிள்ளைகளுக்குப் பிளாஸ்டிக் மூடி போட்ட புது டியூபில் எடுத்திருந்தாள். அது தீர்ந்துபோய், இந்த அறுபது பேருக்கும் பழைய ரப்பர் மூடி டியூப். போதாக்குறைக்கு, உடையக் கூடாதென்று பெட்டியில் படுக்கவைத்து அனுப்பியிருக்கிறாள். ரத்தம் மணிக்கணக்கில் மூடியை நனைத்தபடியே போயிருக்கிறது. ரப்பர் செய்யும்போது துத்தநாகம் சேர்ப்பார்கள் என்று எப்போதோ படித்தது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"யாருக்குத் தெரியப் போகுது, பேசாம இரு" என்றேன். அவள் வேலைக்கு வேட்டு வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். அவள் என்னை முறைத்தாள். நான் அப்படிச் சொன்னதை இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் ஆய்வுக்கூடத்துச் சுத்தமான தண்ணீரை இரண்டு வகை டியூபிலும் ஊற்றி, அதே மாதிரி படுக்கவைத்து, வெறும் எண் எழுதிச் சோதனைக்கு அனுப்பினாள். வெள்ளிக்கிழமை காலை அந்தத் தாளை டாக்டரம்மாவின் மேஜையில் வைத்தாள்.

"மேடம், ரப்பர் மூடி டியூப்ல இருந்த தண்ணிக்கு ஜிங்க் மாத்திரை வேண்டாமாம். அவ்வளவு சத்து இருக்குதாம்."

டாக்டரம்மா இரண்டு முறை படித்தார். "பசங்களுக்கு அந்த டியூப்ல எடுத்தது யாரும்மா?"

"நான்தான் மேடம்."

வேலை போகவில்லை, ஆனால் திட்டு சரமாரியாக விழுந்தது. அறிக்கை நின்றது. அறுபது பேரையும் திரும்ப வரவழைத்து, ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் ஊசியை எடுத்தாள்.

"தப்பு உங்களுது, குத்து எனக்கா?" என்றாள் வாயாடி. ஆனாலும் கையை நீட்டினாள்.

இந்த முறை பிளாஸ்டிக் மூடி டியூபில் எடுத்ததில் நாற்பத்து மூன்று பேருக்குக் குறைவு. வாயாடிக்கு எல்லோரையும்விடக் குறைவு. புண் ஆறுமா, வளர்வாளா என்பது போகப் போகத் தெரியும். மாத்திரை அவள் கைக்கு வந்துவிட்டது.

அறிக்கையில் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று எழுதிவிடலாம் என்றாராம் டாக்டரம்மா, என் மனைவியைக் காப்பாற்ற.

"என் கைத்தவறுன்னே எழுதுங்க மேடம். அடுத்து ரத்தம் எடுக்க வர்றவ அதைப் படிக்கணும்."

அப்படியே எழுதினார்கள். அந்தப் பக்கத்தின் நகல் என் சட்டைப் பையில் இருக்கிறது. பெண்டாட்டி செய்த தப்பை ஊரெல்லாம் காட்டிப் பெருமையடிக்கிற புருஷன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.