பம்புசெட் புத்தி

பானெட்டைக்கூடத் திறக்காமல், "டர்போ போயிடுச்சி, மாத்தணும்" என்று சொல்லிவிட்டார் உத்திரமேரூர் மெக்கானிக். எனக்குச் சுர்ரென்று ஏறியது. என்னுடையது பழைய டீசல் கார்தான். கறுப்புப் புகை கக்கியது, மேட்டில் இழுக்கவில்லை. அதற்காகப் பார்க்காமலே தீர்ப்பா?

எங்கள் ஊர் மானாம்பதிக்கு வந்து, மனைவியை ஆக்சிலேட்டர் மிதிக்கச் சொல்லிவிட்டு எஞ்சின் பக்கம் கையை விட்டேன். டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றைத் தள்ளும் ரப்பர் ஓஸின் அடியில் உஸ்ஸென்று விரலில் அடித்தது. அந்த இடம் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. கழற்றி வளைத்ததும் விரல் நீளத்துக்கு வாய் பிளந்தது. டர்போவுக்கு ஒன்றுமில்லை!

பம்புசெட்டில் தண்ணீர் உறிஞ்சும் ஓஸ் கிழிந்தால் சைக்கிள் டியூபை அறுத்து இறுக்கிச் சுற்றுவோம், வருஷக்கணக்கில் நிற்கும். இதற்கும் அதையே செய்தேன். மறுநாள் ஐயங்கார்குளம் தாண்டுவதற்குள் டப்பென்று பிய்த்துக்கொண்டது.

"அது உள்ள இழுக்குற ஓஸு. இது வெளிய தள்ளிக்கினு கீது. டியூபு எப்பிடி நிக்கும்?" என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி.

புது ஓஸ் வாங்கி, கிளிப்பை முடுக்கி, நானே மாட்டினேன். வண்டி மேட்டில் பிய்த்துக்கொண்டு ஏறியது. கிழிந்த ஓஸைக் கொண்டுபோய் மெக்கானிக் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

போன வாரம் அந்தப் பக்கம் போனபோது, மெக்கானிக் வேறொரு காரின் எஞ்சின் பக்கம் கையை விட்டுக்கொண்டு நின்றார்.

"அண்ணா, கொஞ்சம் ஆக்சிலேட்டர மிதிங்க."

ஏறி உட்கார்ந்து, அவர் கேட்டதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே மிதித்தேன்.