ஒன்பதாவது சிப்

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவளைத் திட்டுவது எந்த ஊர் நியாயம்? எண்பதுகளின் கடைசியில், திருவனந்தபுரத்தில் நான் வேலை பார்த்த அரசு அலுவலகத்தில் அதுதான் நடந்தது. இன்று நினைத்தாலும் ஆத்திரம் அடங்குவதில்லை.

எங்களிடம் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். வேறோர் ஆபீஸ் உபயோகித்துவிட்டுத் தள்ளிய பழசு. பள்ளி ஆசிரியர்களின் சீனியாரிட்டிப் பட்டியலை அதில் வரிசைப்படுத்த வேண்டும். மெமரி போதாததால், நாலு பெயரை மாற்றி வைப்பதற்குள் பிளாப்பியைத் தேடிப் போகும். கரகரவென்று முனகிவிட்டுத் திரும்பி வரும். அதை இயக்கியவள் கரமனையிலிருந்து பஸ்ஸில் வருகிற தற்காலிக ஊழியர். கணவன் இல்லை, இரண்டு குழந்தைகள். அவள் மந்தம் என்று சொல்லி மேலதிகாரி அவளுடைய வேலை நீட்டிப்பை நிறுத்தி வைத்திருந்தார். மாத முடிவுக்குள் பட்டியல் வராவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். எதையும் எண்ணிப் பார்க்காமல் விட என்னால் முடியாது. மெமரி சிப்களுக்கு நான்கு வரிசை, வரிசைக்கு ஒன்பது குழி. இரண்டு வரிசை நிரம்பியிருந்தது, இரண்டு காலி. பதினெட்டு சிப் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.

அக்கவுண்ட்ஸ் ஆபீசர் கூப்பிட்டனுப்பினார். ஸ்ரீவராகம் பக்கத்துக்காரர், எங்களைப் போலத் தமிழ் பேசுகிறவர்.

"வரிசைக்கு எட்டு போறாதோ ஓய்?"

"எட்டு வேலை செய்யும். அந்த எட்டும் தப்புப் பண்ணலையேன்னு ஒன்பதாவது சரிபாக்கும்."

"அப்போ அது சூப்பர்வைசர்! வேலை செய்யாம மேற்பார்வை பாக்கறவா நம்ம ஆபீஸ்லயே ஜாஸ்தி. மெஷினுக்குள்ள வேற வேணுமோ?"

அறையிலிருந்த நாலு பேரும் சிரித்தார்கள். அவர் பேனாவை எடுத்துப் பதினெட்டை அடித்துப் பதினாறு ஆக்கினார்.

பதினாறு வந்தது. கொண்டுவந்தவன் வரிசைக்கு எட்டாகச் செருகினான். கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே மறுத்தது. திரையில் பிழை என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

"சாரே, ஆர்டரில் உள்ள எண்ணம் ஞான் தந்நு, கேட்டோ" என்று, ஆர்டரில் இருந்த எண்ணிக்கையைத் தந்தாயிற்று என்ற கணக்கில், அவன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "மாமா, இருந்ததும் போச்சா?"

ஒரு வரிசையிலிருந்து ஒன்றைப் பிடுங்கி மற்ற வரிசையின் ஒன்பதாம் குழியில் வைத்தேன். மிச்சம் ஏழையும் கழற்றினேன். எவ்வளவு மெமரி இருக்கிறதென்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் பொடி சுவிட்சுகளை மாற்றினேன். எழுந்தது. கேட்டதில் பாதிதான் கிடைத்தது. அதற்கே முனகல் குறைந்து, பட்டியல் மாதம் முடியும் முன்பே அச்சாகி மேஜைக்குப் போயிற்று.

மேலதிகாரி அவளைக் கூப்பிட்டார். பாராட்டத்தான் என்று நம்பி நானும் கூடப் போனேன்.

"அப்போ ஸ்பீடாச் செய்ய அறியும், இல்லே? பின்னே இத்தனை நாளா எதுக்கு இழுத்தடிச்சே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள், "இனிமே கவனமா இருக்கேன் சார்" என்று சொல்லிவிட்டாள்.

நீட்டிப்பு உத்தரவு வந்தது. ஊழியரின் வேகத்தில் முன்னேற்றம் காணப்படுவதால் என்று அதில் எழுதியிருந்தது. முன்னேறியது அவளா, சிப்பா? மறுப்பு எழுதப்போகிறேன் என்று குதித்தேன்.

"மாமா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், ஒண்ணும் எழுதாதீங்கோ. நான் மந்தமாவே இருந்துட்டுப் போறேன். வேலை இருந்தாப் போறும்."

எழுதவில்லை. வராந்தாவில் எதிர்ப்பட்ட அக்கவுண்ட்ஸ் ஆபீசர் என் தோளைத் தட்டினார். "ஒன்பதே போறும்னு இப்பத் தெரிஞ்சுதா? பதினெட்டு கேட்டீரே ஓய்!"

மிச்ச ஏழு சிப்பும் என் மேஜை இழுப்பறையில் கிடந்தன. இன்னும் இரண்டு வாங்கினால் அந்த வரிசையும் நிரம்பிவிடும். ஆனால் கம்ப்யூட்டர் இன்னும் வேகமாக ஓடினால், இதுவரை ஏன் இழுத்தடித்தாய் என்று மறுபடியும் அவளைத்தான் கேட்பார்கள். ஓய்வு பெறும்வரை அந்த இரண்டை நான் கேட்கவே இல்லை.