மாமரத்துக் கம்பியும் சாகக் கிடந்த கோளும்

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு மரியாதையாக இராது. எழுபதுகளின் நடுவில், பெரியகுளத்தில், ஒரு வாரம் முழுக்க, கோயில் திருவிழாவுக்குக் கட்டியிருந்த சீரியல் லைட் மயிலை விண்வெளி என்று நம்பிக் கேட்டுக்கொண்டிருந்தவன் நான்.

மூங்கில் தட்டியில் கலர் பல்புகள் கோத்த ஆள் உயர மயில் அது. பின்னால் ஒரு மர உருளை மோட்டாரில் சுற்றும். உருளையில் அடித்த தகரப் பட்டைகள் கம்பிகளில் உரச உரச மயில் தோகையை விரிக்கும், மடக்கும். உரசும்போதெல்லாம் பொறி பறக்கும். பொறி பறந்தால் அக்கம்பக்கத்து ரேடியோக்களில் ‘டிக்’ என்று கேட்கும். தோகை விரிய நாலு டிக். மடங்க ரெண்டு டிக். மோர்ஸ் தந்திக் குறியில் நாலு புள்ளி ‘எச்’, ரெண்டு புள்ளி ‘ஐ’; சேர்ந்தால் ‘ஹாய்’. வெளிநாட்டு அமெச்சூர் ரேடியோக்காரர்கள் கைக்காசு போட்டுச் செய்து மேலே அனுப்பிய ஒரு செயற்கைக்கோள், அப்படி ‘ஹாய்’ சொல்லித்தான் பேச்சை ஆரம்பிக்கும் என்று நான் படித்திருந்தேன். படித்ததுதான் வினை.

உண்மையான செயற்கைக்கோள் என்றால் ஊருக்கு மேலே வந்த வேகத்தில் போய்விடும். என்னுடையது சாயங்காலம் விளக்கு வைத்ததிலிருந்து கோயில் நடை சாத்தும் வரை நின்று பேசியது. அதற்கு நம் ஊர் பிடித்துப்போயிற்று போல என்று நினைத்துக்கொண்டேன். தாலுகா ஆபீஸில் என் பக்கத்து நாற்காலிக்காரரில் தொடங்கி டீக்கடை வரைக்கும் சொல்லியாயிற்று. ஒரு நாள் கரண்ட் போனது. மயில் அணைந்தது; விண்வெளியும் கூடவே அணைந்தது. பேட்டரியில் ஓடிய என் டிரான்சிஸ்டர் மட்டும் உஸ்ஸென்று எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

இதைக் கேட்டு ஊரே சிரித்தபோது சிரிக்காமல் இருந்தவன் என் சிநேகிதன் ஒருவன்தான். பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்தான். முறையாகப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிய ரேடியோக்காரன்; என்னை இந்தப் பைத்தியத்தில் இழுத்துவிட்டவனும் அவன்தான். மீட்டர் கோலால் கல்லாப்பெட்டியில் தட்டித் தட்டியே மோர்ஸ் கற்றுக்கொண்டான். ஜாக்கெட் துணி கேட்டு வந்த பெண்கள், “இவுகளுக்கு என்ன ஆச்சு?” என்று வேலையாளிடம் கேட்பார்கள். அந்தக் கோள் மேலே போன நாளிலிருந்து அதன் குரலை ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும் என்பது அவன் ஆசை. அது ஒரு வருஷம் உழைத்தால் பெரிது என்று நினைத்துத்தான் அனுப்பினார்களாம். அது பாட்டுக்கு வருஷக்கணக்கில் சுற்றியது. அவனுக்கு மட்டும் கேட்கவில்லை. பஜாரில் டியூப்லைட் இரைச்சல், தையல் மோட்டார் இரைச்சல். போதாததற்கு வடக்கே கொடைக்கானல் மலை வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு நின்றது.

இதற்கிடையில், கோளின் பேட்டரி செத்துக்கொண்டிருக்கிறது, எந்த நாளும் ஊமையாகிவிடலாம் என்று மதுரை ரேடியோக்காரர்கள் மூலம் செய்தி வந்தது.

அன்றைக்கு அவன் கடையில் ஒழுங்காகத் துணி கிழிக்கவில்லை. சாயங்காலம் என்னிடம் வந்தான்.

“மாப்ள, மயிலு இல்லாத எடமாப் பாத்துப் போவோம்டா.”

ஜெயமங்கலம் போகிற பாதையில் அவன் மாமனாருக்கு ஒரு மாந்தோப்பு இருந்தது. கரண்ட் கிடையாது, அதுதான் எங்களுக்கு வேண்டியது. இரண்டு கல்லாமை மாமரங்களுக்கு நடுவே நீளமாகத் தாமிரக் கம்பி கட்டினோம். காவல் குடிசையில் ஒரு கார் பேட்டரி, அவன் கையால் செய்த ரிசீவர், பக்கத்தில் ஒரு டிரான்சிஸ்டர். கோளின் சத்தம் தனியாகக் காதில் விழாது. இரண்டு பெட்டிகளின் அலையும் ஒன்றோடொன்று உரசினால்தான் விசிலாக மாறும். காலையில் ஆபீஸ் திறக்கும் நேரத்தை ஒட்டி அது மலையைத் தாண்டித் தெற்கே போகும். தினமும் போய் உட்கார்ந்தோம்; இரைச்சல்தான் வந்தது, விசில் வரவில்லை. நான் தினமும் லேட். கேட்டவர்களிடம் வயிற்றுவலி என்றேன். அந்தக் கோடையில் என் வயிற்றைப்பற்றித் தாசில்தாரே கவலைப்பட்டார்.

கம்பிக்கும் ஆயுசு குறைவாக இருந்தது. தோப்பின் காயை அந்த வருஷம் குத்தகைக்கு எடுத்திருந்தது தேவதானப்பட்டிக்கார அம்மா ஒருவர். பருத்த உடம்பு, கணீரென்ற குரல். பறிப்பு ஆட்கள் எல்லோருக்கும் அவர் ஆத்தா. வலை கட்டிய தொரட்டி எங்கள் கம்பியில் சிக்கும் என்று பார்த்தவுடனே சொல்லிவிட்டார். திங்கட்கிழமை பறிப்பு, அதற்குள் கம்பி இறங்க வேண்டும் என்று பேச்சு. ஆக, எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலை ஒன்றுதான் மிச்சம்.

ஞாயிறு. அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு குடிசைக்குள் உட்கார்ந்துவிட்டான். இருந்தது ஒரே ஹெட்போன். சத்தம் போடாமல் காவல் காப்பது என் வேலை. அதாவது என்னை எட்ட நிறுத்திவைப்பது. நான் தோப்பு வாசலில் நின்றேன். சூரியன் நன்றாக மேலே வந்திருந்தது. அப்போது பார்த்தால், பாதையில் தொரட்டிகளும் கூடைகளுமாக ஒரு படையே வருகிறது. முன்னால் ஆத்தா.

“என்னக்கா, நாளைக்கின்னுதான சொன்னீக?”

“லாரிக்காரவுக இன்னைக்கே வந்துட்டாக. கம்பிய எறக்குங்க தம்பி.”

எனக்கு மூளை வேலை செய்யும் முன்னே வாய் வேலை செய்யும். “ஐயையோ, அதுல கரண்டு ஓடுதுக்கா. கிட்டப் போயிராதீக.”

“கரண்டா? நேத்து மரம் பாக்க வந்த பயக அதுலதான் துண்டக் காயப்போட்டாய்ங்கெ.”

பயல்கள் பல்லைக் காட்டினார்கள். ஒருவன், “வெரசாக் காஞ்சிருச்சு சார்” என்றான்.

வேறு பொய் கைவசம் இல்லை. உண்மையைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. எனக்குப் பழக்கமில்லாததால் தடுமாறித்தான் சொன்னேன். “அக்கா, மேல ஒரு பழைய பெட்டி சுத்துது. சாகக் கெடக்கு. அது பேசுறத ஒரு வாட்டி கேட்டுறணும்னு உள்ள ஒருத்தன் உக்காந்திருக்கான். இப்ப விட்டா அவ்வளவுதான்.”

ஆத்தா குடிசையைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

“சாகக் கெடக்குதா?”

“ஆமாக்கா.”

“அப்பப் பேசட்டும்.” ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். “ஏலே, தொரட்டியக் கீழ வைங்கடா. பேசி முடிக்கிற வரைக்கும் ஒருத்தனும் மூச்சு விடக் கூடாது.”

எங்கள் பக்கத்தில், உயிர் போகிற நேரத்தில் ஒருவர் வாயைத் திறந்தால் வீட்டில் உலையைக்கூட இறக்கிவைத்துவிட்டு வந்து நிற்பார்கள். லாரி காத்திருந்தாலும் அந்த வழக்கத்தை ஆத்தா விடவில்லை. பன்னாட்டு விஞ்ஞானத்தை விளக்க நான் மனதுக்குள் தயார் செய்திருந்த பிரசங்கம் முழுக்க வீணாயிற்று. பறிப்பு ஆட்கள் சாவு வீட்டு முற்றத்தில் இருப்பதுபோலக் கைகட்டி உட்கார்ந்தார்கள்.

அப்போது குடிசை வாசலில் அவன் தலை தெரிந்தது. ஹெட்போன் வயர் இழுத்துப்பிடிக்க, கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றான். முகம் வெளுத்திருந்தது.

“ஏலே! கையத் தூக்குடா!”

நான் ரெண்டு கையையும் தூக்கினேன். எனக்கு ஏன் என்று தெரியும். முன்பு ஒருமுறை, அவன் கடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு பஸ்ஸரை வைத்து, செவ்வாய்க் கிரகத்திலிருந்து அரைக்கை பனியன் விலை கேட்பதுபோல நான் தட்டியிருந்தேன். அதற்கு அவன் பயபக்தியோடு விலை சொல்லிவிட்டான். இப்போதும் என் கைவேலைதானா என்று பார்க்கிறான்.

ஆனால் கையைத் தூக்கியது நான் மட்டும் இல்லை. எனக்குப் பின்னால் ஆட்கள் அத்தனை பேரும் தூக்கியிருந்தார்கள். ஆத்தாவும் ஒரு கையைத் தூக்கியிருந்தார். இன்னொரு கையில் வெற்றிலை.

“இதுக்குக் கையும் தூக்கணுமாக்கும்?” என்று என்னிடம் குசுகுசுத்தார்.

“கொஞ்ச நேரம்தான்க்கா.”

அவன் எங்கள் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். காதில் சத்தம் நிற்கவில்லை போலிருக்கிறது. கூர்ந்து கேட்டான். தேனி ஸ்டேஷனில் போடி ரயில் ஊதிக்கொண்டே நம்மைக் கடந்தால், ஊதல் நம்மைத் தாண்டியதும் இறங்கும் இல்லையா? கோளின் விசிலும் அப்படித்தான் இறங்கிக்கொண்டே போகும். எந்தப் பஸ்ஸராலும், எந்த மயிலாலும் அதைச் செய்ய முடியாது; என்னாலும்தான். அவன் வாய் மெல்லத் திறந்தது. விரல் தானாகக் கதவு நிலையில் தட்டியது: நாலு, ரெண்டு. மறுபடியும் நாலு, ரெண்டு. சட்டென்று உள்ளே போய்விட்டான்.

நாங்கள் கையைத் தூக்கியபடியே இருந்தோம். இறக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு மாம்பழம் தானாக விழுந்தது. அதைக்கூட யாரும் எடுக்கவில்லை.

அவன் வெளியே வந்தபோது ஹெட்போன் கழுத்தில் தொங்கியது. கல்யாணப் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து எழுந்தவன்போல இருந்தான்.

“முடிஞ்சுதா தம்பி?” என்றார் ஆத்தா.

“முடிஞ்சுது ஆத்தா. தெக்கே போயிருச்சு.”

“நல்லாப் பேசுச்சா?”

“தெளிவாப் பேசுச்சு ஆத்தா.”

“அது போதும்.” எழுந்து புடவையைத் தட்டினார். “ஏலே, கையக் கீழ போட்டுட்டுக் கூடைய எடுங்கடா.”

அவனே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரமேறிக் கம்பியை அவிழ்த்தான். யாரையும் தொட விடவில்லை. நான் கீழே நின்று சுருட்டினேன். எனக்குத் தோள் வலித்தது. ஹெட்போனை ஒரு நிமிஷம்கூடக் கேட்கக் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆனால் மேலே கிளையில் உட்கார்ந்து அவன் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபின் கோபப்படவும் முடியவில்லை.

“ஏண்டா மாப்ள,” என்றேன், “இத்தன பேரு கையத் தூக்கிக்கிட்டு நின்னோமே, என்னையப் பத்தி எதும் கேட்டுச்சா?”

கம்பியின் கடைசி முடிச்சை அவிழ்த்துக் கீழே விட்டான்.

“ஒன்னைய விசாரிக்கல.”