தவசியின் சிமெண்ட் முகம்

என் வீட்டுக்காரர் பெயர் தவசி. புருசன் பெயரைச் சொல்லக் கூடாது என்பார்கள். செத்தவர் வந்து கோபித்துக்கொள்ளப் போவதில்லை, சொல்கிறேன். கம்பம் மார்க்கெட்டில் சுமை தூக்கினார். வாழைத்தார், திராட்சைப் பெட்டி, உர மூட்டை, எது வந்தாலும் தோளில்தான். பெரிய சாமர்த்தியம் எதுவும் கிடையாது. குடிப்பார், அடிக்க மாட்டார். போட்ட சோற்றைக் குறை சொல்லாமல் தின்பார். அவ்வளவுதான் அந்த மனிதர்.

குமுளி ரோட்டில் சுற்றுலா வேன்கள் நிற்கிற இடத்தில் ஒரு சின்னப் பூங்கா உண்டு. பெரியாறு அணை கட்டும்போது காய்ச்சலிலும் வெள்ளத்திலும் செத்த கூலிகளுக்காக, விவசாயிகள் சேர்ந்து அங்கே நான்கு சிமெண்ட் சிலைகள் வைத்தார்கள். அணை கட்டிய துரைக்குச் சிலை இருக்கிறது, படம் இருக்கிறது. கல் சுமந்தவன் மூஞ்சி எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. சிலை செய்ய வந்த மதன்குமார் ஒரு முகம் தேடி மார்க்கெட்டுக்குள் சுற்றியிருக்கிறார். தார் இறக்கிக்கொண்டிருந்த இவரைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, ஒங்க மூஞ்சியிலதான் பட்டினி தெரியுது. வந்து நில்லுங்க" என்றாராம்.

அதை வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மூணு வேளையும் வடிச்சுக் கொட்டுறேன், பட்டினி தெரியுதாமா? அந்தாளக் கூட்டிட்டு வாய்யா, சட்டியக் காட்டுறேன்."

"சும்மா இரு புள்ள. செலைக்கு அப்பிடித்தேன் இருக்கணுமாம்."

மத்தியானம் வேலை ஓய்ந்ததும் போய், தோளில் கல்லை வைத்துக்கொண்டு நின்றார். தூக்கிக்கொண்டு நடந்தால் வலிக்காது, சும்மா நின்றால்தான் வலிக்கிறது என்று ராத்திரி எண்ணெய் தேய்க்கச் சொல்வார்.

திறப்பு விழாவுக்குப் போனேன். மூன்று சிலைகள் குனிந்து நின்றன, அவற்றுக்கு முகமே வைக்கவில்லை. ரோட்டைப் பார்த்து நிமிர்ந்து நின்றது மட்டும் அச்சு அசல் இவர். பெரிய மனிதர்கள் வந்து அதற்கு மாலை போட்டார்கள், சூடம் காட்டினார்கள், செத்தவனுக்கு நிற்பதுபோல் தலை குனிந்து நின்றார்கள். இவர் பந்தலுக்குப் பின்னால் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டு லத்திபா என் கையைப் பிடித்தாள். "என்னக்கா இது, உசுரோட இருக்குற மனுசனுக்கு மாலை போடுறாக?"

அது அவர் காதிலும் விழுந்தது.

மறுநாளிலிருந்து மார்க்கெட்டில் கேலி. "ஏலே, செத்த தவசி வாரான், வழிய விடுங்கடா!" முதலில் அவரும் சிரித்தார். பிறகு குமுளிப் பக்கம் லோடு என்றால் வேறு ஆளை அனுப்பினார். கேமராவைக் கண்டாலே ஒதுங்கினார். மகள் கல்யாணத்தில் போட்டோக்காரர் கூப்பிட்டதற்குச் சமையல் கொட்டகைப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"ஒருக்கா நின்னதுக்கே மாலை போட்டாக. இன்னொருக்கா நின்னா பாடையே கட்டிருவாக" என்றார்.

பாடை கட்டும் நாளும் வந்தது. மார்க்கெட்டிலேயே மூட்டையோடு சரிந்தார், நெஞ்சு வலி. கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் அடிக்கப் படம் கேட்டார்கள். எங்கே போவது? எங்கள் கல்யாணத்துக்குப் போட்டோ பிடிக்கவில்லை. ஆதார் அட்டையில் இருப்பது யாரென்றே தெரியாத களவாணி மூஞ்சி. கடைசியில் மருமகன் ராஜபாண்டி பைக்கில் போய், சிலையைப் போனில் படம் எடுத்து வந்தான். பிளெக்ஸ்காரர் தோளிலிருந்த கல்லை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் அடித்தார். துட்டிக்கு வந்தவள் ஒருத்தி, "மனுசன் இப்பிடிச் சாம்பலாப் போனாரே" என்று அழுதாள். சிமெண்ட் வேறு எப்படி இருக்கும்?

பிளெக்ஸ் மழையில் கிழிந்தது. அந்தப் போனை மருமகன் குடித்துவிட்டு எங்கேயோ தொலைத்தான். பிறகு எனக்கென்று இருந்தது அந்தப் பூங்காதான். பஸ் ஏறிப் போவேன். அவருக்கு எதிரே உட்கார்ந்து வெற்றிலை போடுவேன், நாலு வார்த்தை திட்டுவேன், வருவேன். சுற்றுலா வந்தவர்கள் அவர் தோளில் கை போட்டுப் படம் எடுப்பார்கள். எத்தனையோ ஊர்க்காரர்கள் போனில் அவர் இருக்கிறார். யார் என்று எனக்குத் தெரியாது, நான் யார் என்று அவர்களுக்கும் தெரியாது.

போன வருசம் ஒரு நாள் போனபோது சிலையைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தது. கொத்தனார் உளியோடு மேலே நின்றார். நெற்றியும் கண்ணும் ஏற்கெனவே போய்விட்டிருந்தன. கீழே போடி ஏலக்காய் வியாபாரி லிங்கேஸ்வரன் நின்றார். பூங்காவைச் சொந்தச் செலவில் புதுப்பிக்கிறாராம். கையில் முறுக்கு மீசைக்காரர் படம் ஒன்று.

"யாருய்யா இது?"

"எங்க தாத்தா படம் ஆத்தா. அவுக அப்பா அணை வேலையில காய்ச்சல் கண்டு செத்தாக. அவுகளுக்குப் படமில்ல. மகன் அப்பிடியே அப்பனை உரிச்சு வச்சவருன்னு வீட்ல சொல்லுவாக. அதான் இந்த மொகத்த வைக்கிறோம்."

"இங்கன ஏற்கெனவே ஒரு மொகம் இருந்துச்சே. அது எம்புருசன்."

"சொன்னாக ஆத்தா."

"சொல்லியுமா உளிய எடுத்த? மத்த மூணும் மூஞ்சி இல்லாமத்தான நிக்குது? அதுல ஒண்ணுல ஒட்ட வையி."

"அதெல்லாம் குனிஞ்சு நிக்குது. ரோட்டப் பாத்து நிக்கிறது இது ஒண்ணுதான்."

"நாலு பேரு பாக்கணும்னா போடியில ஒங்க வீட்டு வாசல்ல நிப்பாட்டு. எடமா இல்ல?"

கொத்தனார் சிரித்துவிட்டார். லிங்கேஸ்வரன் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் ஒரு கை பார்த்திருப்பேன்.

"ஆத்தா, தப்பா நெனைக்காதீக. இது அணையில செத்தவுகளுக்கு வச்சது. ஒங்க வீட்டுக்காரரு அந்த அணைக்கு ஒரு கல்லாச்சும் சுமந்தாரா?"

சுமக்கவில்லை. அந்த அணையை அவர் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

"இத விட்டா எனக்கு அவரு மொகம் இல்லய்யா" என்றேன். நான் யாரிடமும் கெஞ்சுகிறவள் இல்லை.

"எங்களுக்கும் இல்ல ஆத்தா" என்றார் அவர். மெதுவாகத்தான் சொன்னார்.

நான் கொத்தனாரைப் பார்த்தேன். "ஒரே அடியா அடிச்சுத் தள்ளுப்பா. கொஞ்சங் கொஞ்சமா எடுக்காத."

"ஓங்கி அடிச்சா கழுத்தோட வந்துரும் ஆத்தா."

அதனால் மெல்லத்தான் செதுக்கினார். மூக்கு, கன்னம், வாய். நான் முடியும் வரை உட்கார்ந்திருந்து, பிறகு பஸ் ஏறினேன்.

வேலை முடிந்த பிறகு ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல வேலைப்பாடு. வேன்கள் நிற்கின்றன, இறங்கிப் பார்க்கிறார்கள். வீட்டில் படுத்துக்கொண்டு அவரை நினைத்தால் குரல் வருகிறது, வேர்வை நாற்றம்கூட வருகிறது. முகத்துக்கு மட்டும் அந்த மீசைக்காரர் வந்து நிற்கிறார். போங்கய்யா என்றாலும் போவதில்லை.