ஒரு பெட்டிக்கு மூன்று ஸ்கேன்

மேனேஜர் சண்முகம் சார் இருந்தார். பெங்களூரிலிருந்து வந்த சாஃப்ட்வேர் இன்ஜினியர் கிரண் இருந்தார். லாரியில் சரக்கு ஏற்றும் முதல் கதவில் ஸ்கேன் போடும் கவிதா இருந்தாள். கேட் சீட்டுக்காக வந்த லாரி டிரைவர் நாகப்பா வாசலில் சாய்ந்து நின்றார். இரண்டாம் கதவில் ஸ்கேன் போடும் நான்.

ஐந்து பேர். ஓசூரில் எங்கள் கம்பெனியின் டிஸ்பாட்ச் ரூம். போன வியாழன், காலை பதினோரு மணி.

என்ன விஷயம்? லாரி கிளம்ப லேட்டாகிறது. சரக்கு ஏற்றி முடித்த பிறகும் கேட் சீட்டு வராமல் வண்டி நிற்கிறது. மாதக்கணக்கில் இதே கதை. நாகப்பாவுக்கு ஆனேக்கல் பக்கம். "நிதானவாகி மாடி சார்" என்பார். கன்னடத்தில் மெதுவாகச் செய்யுங்கள் என்று அர்த்தம். அவர் சொல்கிற விதத்தில் அந்த அர்த்தம் இருக்காது.

சீட்டு எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். பெட்டியின் லேபிளைத் துப்பாக்கி போல இருக்கும் ஸ்கேன் கன்னால் அடிப்போம். அது ஒரு செய்தியாகப் போய் கம்ப்யூட்டரில் வரிசையில் நிற்கும். ஜாவாவில் எழுதிய ஒரு புரோகிராம் அந்த வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, பில்லோடு ஒப்பிட்டு, சரியென்றால் கன்னில் பச்சை டிக் காட்டும். வண்டியில் இருக்கிற எல்லாப் பெட்டிக்கும் டிக் விழுந்தால்தான் சீட்டு.

இதுவே எனக்கு கிரண் சொல்லித்தான் தெரியும்.

இத்தனை நாளும் அந்தப் புரோகிராம் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று மட்டும்தான் பார்த்தார்கள். ஓடியது. அப்புறம் லாரி ஏன் நிற்கிறது? யாருக்கும் தெரியவில்லை. அதனால் கிரண் புதிதாக ஒரு திரை மாட்டினார். அதில் மூன்று எண்கள். வரிசையில் எத்தனை செய்தி நிற்கிறது... முதலில் நிற்பது எவ்வளவு நேரமாக நிற்கிறது... நிமிடத்துக்கு எத்தனை முடிகிறது.

மூன்றாவது எண்ணைப் பார்த்து சண்முகம் சாருக்குச் சந்தோஷம். வேகமாகத்தானே போகிறது என்றார். வேகமாகத்தான் போகிறது, ஆனால் செய்த வேலையையே திரும்பத் திரும்பச் செய்கிறது என்றார் கிரண். அன்று காலை ஏற்றிய பெட்டி அறுநூறு. வந்த செய்தி தொள்ளாயிரம்.

கூடுதல் முந்நூறு யாருடையது?

கிரண் ஒரு பட்டனைத் தட்டினார். ஆள் வாரியாக வந்தது. மூன்றாம் கதவு, நான்காம் கதவு ஆட்கள் பெயரில் பெட்டிக்கு ஒரு செய்தி. கவிதா ஏற்றிய பெட்டி நூற்றைம்பது. அவள் பெயரில் செய்தி அறுநூறு.

என் பெயர் அந்தத் திரையிலேயே இல்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

"பெட்டிக்கு நாலு தடவை அடிச்சிருக்கிற. என்னம்மா இது?" என்றார் சார்.

"இல்லீங்க சார்" என்றாள் கவிதா.

கவிதா வேப்பனப்பள்ளிப் பெண். மூன்று வருடமாக கான்ட்ராக்ட். இந்த மாதம் நிரந்தரம் ஆகிறவர்கள் லிஸ்டில் அவள் பெயர் இருந்தது. மறுநாள் லிஸ்ட் மேலே போகிறது. அவள் பெயரை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, சார் பேனாவை எடுத்துவிட்டார்.

இப்போது என் கதை. போன தீபாவளி லீவு முடிந்து வந்தேன். பாஸ்வேர்டு மறந்துவிட்டது. மூன்று முறை தப்பாகப் போட்டதில் ஐ.டி. லாக் ஆகிவிட்டது. யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்க வெட்கம். இன்றைக்கு மட்டும் என்று கவிதா தன் ஐ.டி.யில் என் கன்னைத் திறந்து கொடுத்தாள். அந்த இன்றைக்கு மட்டும்... ஆடி மாதம் வரை வந்துவிட்டது.

அது ஒரு தப்பு. இன்னொன்றும் உண்டு.

டிஸ்பாட்ச்சுக்கு வருமுன் பன்னிரண்டு வருடம் அசெம்ப்ளி லைனில் போல்ட் முடுக்கினேன். டார்க் ரெஞ்ச் 'க்ளிக்' என்றால் போதும், போல்ட் சரியாக முடுக்கியாகிவிட்டது. எனக்குப் போதாது. இன்னும் இரண்டு க்ளிக் கேட்டால்தான் மனசு ஆறும். அதிகம் முடுக்கினால் போல்ட் கெடும் என்று சூப்பர்வைசர் திட்டுவார். கேட்டுக்கொள்வேன். கை கேட்காது.

அதே கைதான் இங்கேயும். ஸ்கேன் அடிப்பேன். டிக் வரத் தாமதமாகும். இன்னொன்று. அப்புறம் உறுதிக்கு ஒன்று.

சார் பேனா மூடியைத் திறந்தார். கவிதா தரையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"ரெண்டாம் கதவு கன்னும் அந்தப் பேர்லதான் ஓடுது சார். அது நானு" என்றேன்.

"உன் ஐ.டி. என்னாச்சு?"

"தீபாவளிக்கு லாக் ஆயிடுச்சு சார்."

"எந்தத் தீபாவளிக்குய்யா?"

நாகப்பா சிரித்துவிட்டார். சார் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழேயும் வைக்கவில்லை. ஐ.டி. கொடுத்ததும் குற்றம்தானே என்று கவிதாவிடம் கேட்டார். நான்தான் கேட்டு வாங்கினேன் என்றேன். அது முழு உண்மை இல்லை. இருக்கட்டும்.

கிரண் என் பக்கம் திரும்பினார். தெலுங்கு கலந்த தமிழ். கோபம் இல்லை.

"டிக் வரலேன்னா செய்தி போகலேன்னு இல்லே அண்ணா. லைன்ல நிக்குது, அவ்ளோதான். நீங்க அடிக்க அடிக்க, உங்க அடுத்த பெட்டிக்கு முன்னாடி நீங்களே போய் நிக்கிறீங்க."

யோசித்தேன். என் மகள் பொம்மசந்திராவில் வேலை பார்க்கிறாள். ஒரு தடவை கூப்பிட்டு எடுக்காவிட்டால் உடனே இன்னும் இரண்டு தடவை அடிப்பேன். மூன்று மிஸ்டு காலைப் பார்த்து, வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டதென்று பதறிப்போய்க் கூப்பிடுவாள். சாப்பிட்டாயா என்று கேட்பேன். அவள் பதில் சொல்ல மாட்டேன் என்று எப்போதாவது சொன்னாளா? பஸ்ஸில் இருந்திருப்பாள். நமக்குத்தான் பொறுக்கவில்லை.

பதில் வராததையும் பதில் இல்லாததையும் நாம் ஒன்றாக்கிவிடுகிறோம்.

சார் கடைசியில் பேனாவை மூடினார். எனக்கு ஒரு மெமோ. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். கவிதாவுக்கு வாயால் ஒரு எச்சரிக்கை. அவள் பெயர் லிஸ்டில் நின்றது. ஒரே பெட்டி இரண்டாம் முறை வந்தால் வரிசையிலேயே சேர்க்காதபடி புரோகிராமை மாற்ற ஒரு வாரம் ஆகும் என்றார் கிரண். என் ஐ.டி.யைத் திறந்து புதுப் பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்து, அதுவரை அண்ணன் கையை நம்புவோம் என்றார்.

வெளியே வந்ததும் கவிதா கேட்டாள்: "புதுப் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்குதா அண்ணா?"

"இருக்குது."

"சொல்லிடாதீங்க" என்று சொல்லிவிட்டு முதல் கதவுக்குப் போனாள்.

மறுநாள் என் பெயரில் வேலை. அடித்துவிட்டுக் கையைக் கீழே இறக்கி நின்றேன். டிக் வந்தது. அடுத்த பெட்டி. மதியத்துக்குள் நாகப்பாவின் வண்டி கிளம்பிவிட்டது. சாயங்காலம் கிரண் திரையில் என் பெயரைத் தட்டிக் காட்டினார்.

பெட்டி முந்நூற்றுப் பத்து. ஸ்கேன் முந்நூற்றுப் பதினொன்று.